முன்னாடி தள்ளி உட்காருங்க

ஜட்கா வண்டி என்றாலே பலருக்கு நினைவு வருவது, "முன்னாடி தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரர் விரட்டுவதுதான். என் தாத்தா கும்பகோணம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். அவர் அதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார் என்பாள் பாட்டி. இடம் பிடிக்கச் சொன்ன வார்த்தை அது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியரிங் படித்த பிறகுதான் புரிந்தது. ஜட்காவுக்கு இரண்டே சக்கரம், நடுவில் அச்சு. வண்டியே ஒரு நெம்புகோல். பாரம் பின்னால் சாய்ந்தால் முன்னாலிருக்கும் ஏர்க்கால்கள் மேலே தூக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது குதிரையின் அடிவயிற்றைச் சுற்றிய வார்தான். பருமனான ஆள் ஒருத்தர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், அந்த வார் குதிரையின் தோலை அறுக்கத் தொடங்கிவிடும். முன்னால் பாரம் அதிகமானால் முதுகில் சேணம் அழுத்தும். தாத்தா சவாரிகளை நகர்த்தி நகர்த்தி உட்கார வைத்ததெல்லாம் குதிரைத் தோலுக்காகத்தான்.

முன்னங்காலுக்குப் பின்னால், வார் படுகிற இடத்தில் தோல் மெல்லியது, மடிப்பு விழுவது. வியர்வை காய்ந்து உப்பாகும், அதில் தெருப்புழுதி ஒட்டும். அதன் மேல் வார் தேய்த்தால் முதலில் முடி கொட்டும், பிறகு வீங்கும், பிறகு தோல் உரியும். ரொம்ப நாள் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று வேலைக்கு இறங்கும் குதிரைக்கு இது சீக்கிரம் வரும். தோலும் பழக வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பாண்டியர்களின் ஞாபகம் வரும். 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிந்து கும்பகோணமும் அவர்கள் கைக்குப் போயிருந்தது. கொஞ்ச வருஷம் கழித்து இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் அவர் சகோதரர்களும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். வியாபாரிகளும் அப்படி யாரையும் வரவிடுவதில்லையாம். செத்தால்தானே அடுத்த ஆர்டர் வரும்? எங்கள் தொழிலில் இதற்குச் சந்தா மாடல் என்று பெயர்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் முக்கியம். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பயிற்சியே தராமல் ஏறி விரட்டுவார்களாம். கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் சோர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்கிறார். புண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் நாற்பது நாள் நின்று கொழுத்த உடம்பு, இந்தக் கடலோரப் புழுக்கம், திடீர் ஓட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் தாத்தா சொல்லிவிடுவார். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில், நகுலன் எழுதியதாகச் சொல்லப்படும் அசுவ சாஸ்திரச் சுவடி இருக்கிறது. சாஸ்திரம் சுவடியில் இருப்பது வேறு, வார் இழுக்கிறவன் கையில் இருப்பது வேறு.

தாத்தாவின் கையில் இருந்தது இவ்வளவுதான். பூட்டுவதற்கு முன்னால் வயிற்றடியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டு, வாருக்கு அடியில் மாட்டிய தோல் மடிப்பை நீவி எடுப்பது. வாரில் பழைய வேட்டித் துணி சுற்றுவது, அதைத் தினம் அலசுவது. புண் வந்துவிட்டால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றிக் காயவிட்டு, ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே, ஆறும்வரை வார் படக்கூடாது. அதாவது வண்டி ஓடாது.

பத்தாயிரம் குதிரை உள்ள அரசனுக்கு ஒரு குதிரை நிற்பது கணக்கிலேயே வராது. ஒரே குதிரை உள்ளவன் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க முடியாது. புண்ணோடு மிருகத்தை வேலை வாங்குவது 1890-லேயே குற்றம். 1960 சட்டம் முதல் தடவைக்கு 50 ரூபாய் வரை அபராதம் வைத்தது. புண் ஆறும்வரை அரிசிக்கு என்ன வழி என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

போன மாசம் பாட்டியைத் தாராசுரம் கூட்டிப்போனேன். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், தேர் மாதிரி கட்டிய மண்டபம், அதை இழுக்கும் கல்குதிரை. எல்லோரும் சக்கரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி குனிந்து குதிரையின் வயிற்றடியைத் தடவினாள்.

"நம்ம குதிரைக்கு இங்க வெள்ளையா ஒரு திட்டு இருந்துச்சு," என்றாள்.

மச்சமா என்று கேட்டேன். ஆழமாகப் புண்பட்டு ஆறிய இடத்தில் சில சமயம் முடி வெள்ளையாக முளைக்கும் என்பது தெரிந்துதான் கேட்டேன்.

"அறுபத்தெட்டு மகாமகம். ஊரு பூரா சனம். பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற காசு. புண்ணோடதான் பூட்டுனாரு. ராத்திரி கழுவிவிட்டுட்டு சோறு திங்காம உக்காந்திருந்தாரு."

அந்தக் காசில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்கப்பனுக்குக் காய்ச்சல். டாக்டருக்குக் குடுத்தோம்."

வண்டியைக் கடைசியில் விற்றபோது வாங்கினவரிடம் தாத்தா அந்தத் திட்டைக் காட்டி, "இங்க வார் படாம பூட்டுங்க" என்று மூன்று தடவை சொன்னாராம். திரும்பி வருகையில் ஆட்டோவில் பாட்டி தானாகவே முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.