நாணயத்தில் விடை

விடையேறும் பெருமானுக்குக் குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில் காசுகளைப்பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பீடத்தின் அடியில் நவமணிகளோடு பொற்காசும் இட்டுப் பெருமானை எழுந்தருளச் செய்யும் வழக்கமுடையோம் ஆதலின், பொருந்தாதென்று தள்ளுதல் இயலாது.

அடியேன் மடத்துப் பாடசாலையில் பயின்ற இளமைக் காலத்தில் ஓரணாக் காசு வழங்கியது. அதன் ஒருபுறம் சிங்கத் தூண். மறுபுறம் ஓர் இடபம். நாங்கள் அதனை நந்தியெம்பெருமானென்றே கருதிக் கண்ணில் ஒற்றி உண்டியலில் இடுவோம். அரசாங்கமே நந்தியைக் காசிற் பொறித்ததென்று மேடைகளிற் கூறுவாரும் உளர். உள்ளதை உள்ளவாறு உரைத்தல் கடனாதலின் சில கூறுவேன்.

பாரதம் குடியரசான 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் புதிய நாணயங்கள் வெளிவந்தன. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை நீங்க, சாரநாத்தில் அசோகன் நாட்டிய தூணின் சிங்கத்தலை அவ்விடத்தில் அமர்ந்தது. ரூபாயின் பின்புறத்துப் புலி போய்த் தானியக் கதிர் வந்தது. அரையணா, ஓரணா, இரண்டணாக்களில் இடபமும், காலணாவிற் குதிரையும் நின்றன. அத்தூணின் பீடத்தைச் சுற்றிச் செதுக்கிய விலங்குகள் யானை, குதிரை, இடபம், சிங்கம் என நான்கு. காசிற் கண்ட இரண்டும் அவற்றுள் அடங்குவன. ஆகவே அரசு சைவச் சின்னம் கொண்டதென வாதிடற்கு இடமில்லை.

இரவல் பெருமை நமக்கு வேண்டுவதுமன்று. குசாண மன்னன் வீம கட்பீசஸின் பொற்காசுகளிலே விடையருகில் சிவபெருமான் நிற்கக் காணலாம். பல்லவர் காசிலும் இடபம் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் படுத்த நந்தியின் கீழ்ச் 'சேது' என்று தமிழிலேயே பொறித்தனர். விசயநகரத்தார் வராகனில் உமாமகேசுவரரை எழுந்தருள்வித்தனர்.

1957 ஏப்ரல் 1 முதல் பதினாறணா நூறு நயா பைசாவாயிற்று. நாலணாவிற்கு இருபத்தைந்து என்பது நேரான கணக்கு, ஓரணாவிற்கோ ஆறேகால். கடையிற் கிடைத்தது ஆறுதான். அக்காற்பைசா எவர் பையிற் புகுந்ததோ! புதிய காசுகளில் இடபத்தின் இடத்தை எண் கொண்டது. 1964இல் 'நயா' என்னும் அடையும் உதிர்ந்தது.

பின்னர் மாமன்னன் இராசராசன் எடுத்த தஞ்சைப் பெருங்கோயில் ஆயிரம் ஆண்டு நிறைந்த 2010ஆம் ஆண்டிற்கு ஐந்து ரூபாய், ஆயிரம் ரூபாய் நாணயங்கள் அக்கோயிலின் உருவோடு வெளியாயின. ஆயிரம் ரூபாய்க் காசு 35 கிராம் எடையுடையது; ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. இது வாதமின்றி நம்முடையது.

ஓரணா மறைந்ததால் இடபம் காசைவிட்டு முற்றும் நீங்கிற்றென எண்ணற்க. இன்று அன்பர்கள் உண்டியலில் இடும் ரூபாயை எடுத்துச் சிங்கங்களின் அடியிலுள்ள பீடத்தை உற்று நோக்குக. நடுவே சக்கரம், இடப்புறம் குதிரை, வலப்புறம், எள்ளளவேயாயினும், அவ்விடபம்.