அடியும் அடங்கலும்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கொல்லாமரத்திலிருந்து விழுந்தேன். வலது தோள் கழன்றுவிட்டது. அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, ஆசான் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். திண்ணை முழுக்க எண்ணெய் வாசம். ஆசான் என் கையைத் தொட்டுப் பார்த்தபடியே "எத்தனாங் கிளாசு படிக்குத மக்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தேன். ஒரு இழுப்பு. டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கட்டுப்போட்டு முடித்ததும் வீட்டின் பின்பக்கம் தென்னந்தோப்பில் பையன்கள் கம்பு வீசும் சத்தம் கேட்டது. ஆசான் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அங்கே போனார். எலும்பைச் சேர்த்து வைப்பவரும் எலும்பை உடைக்கச் சொல்லித்தருபவரும் ஒரே ஆள். அன்றைக்கு எனக்கு அதில் எந்த வினோதமும் தெரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாக கல்குளம், விளவங்கோடு பக்கம், அது அப்படித்தான்.

அது எவ்வளவு வினோதமான விஷயம் என்று புரிய எனக்கு இருபத்துநாலு வருஷமும் பெங்களூரும் ஒரு கழுத்துவலியும் தேவைப்பட்டன.

நாளுக்குப் பத்து மணிநேரம் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் கழுத்து என்ன ஆகும் என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிசியோதெரபி பார்த்தவர், "தாய்ச்சி கத்துக்கோங்க" என்றார். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிறு காலை வகுப்பு. பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். வெள்ளைக்கொக்கு சிறகு விரிக்கிறது, மேகம்போல் கை அசைகிறது, காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிக்கிறோம். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாக.

மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் கேட்டார். "இதெல்லாம் சண்டைக்கு ஆகுமா சார்?" பயிற்சியாளர் சிரித்துவிட்டு என்னை முன்னால் கூப்பிட்டார். குத்தச் சொன்னார். நான் கையை நீட்டியதும் அதே குதிரைப்பிடரி அசைவை, கொஞ்சம் வேகமாக, செய்தார். அவர் முன்கை என் அக்குளுக்கு அடியில் நுழைந்தது, அவர் கால் என் காலுக்குப் பின்னால் இருந்தது, நான் பாயில் கிடந்தேன். விழுந்து கிடந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தென்னந்தோப்பு. இதே மாதிரி ஒரு பூட்டை அங்கே பையன்கள் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'நம்மாளுதான் சீனாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தான்' என்ற கதைக்கு நான் வரவில்லை. 'ஏழாம் அறிவு' வந்த 2011இல் நானும் தியேட்டரில் கைதட்டியவன்தான். ஆனால் போதிதர்மர் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, லுவோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றிய 6ஆம் நூற்றாண்டு நூலில் இருப்பது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. சண்டை பற்றி ஒரு சொல் இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் வருஷ இடைவெளி. தாய்ச்சியின் சொந்தப் புராணத்திலோ போதிதர்மரே கிடையாது. அங்கே மூலவர் ழாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி. நமக்கு அகத்தியர் மாதிரி.

புராணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வரலாற்றைப் பார்த்தால்தான் உண்மையான ஒற்றுமை தெரிகிறது. அது யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில் இல்லை. துப்பாக்கி வந்த பிறகு இரண்டு கலைகளும் என்ன ஆயின என்பதில் இருக்கிறது.

*

1930களில் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் ஹெனான் மாகாணத்தின் சென் கிராமத்துக்கே போய், குலப்பதிவேடுகளைப் புரட்டி, தாய்ச்சியின் தொடக்கம் துறவியிடம் இல்லை, 17ஆம் நூற்றாண்டின் சென் வாங்டிங் என்ற படைவீரரிடம் இருக்கிறது என்று வாதிட்டார். குடும்பத்துக்குள் இருந்த வித்தையை வெளியே கொண்டுவந்தவர் யாங் லூசான் (1799–1872). பெய்ஜிங்கில் அரண்மனை வட்டாரத்தில் கற்பித்தார். பிறகு 1900இல் பாக்ஸர் எழுச்சி. வெறுங்கை வித்தையும் மந்திரமும் குண்டைத் தடுக்கும் என்று நம்பியவர்கள் குண்டில் செத்தார்கள். அதற்குப் பிறகு சீனாவில் யாரும் இந்தக் கலைகளைப் போர்க்கலை என்று சொல்லி விற்க முடியவில்லை. உடல்நலம், தேச நலம் என்று சொல்லத் தொடங்கினார்கள். லூசானின் பேரன் யாங் செங்ஃபு அசைவுகளை மெதுவாக்கி, சீராக்கி, எல்லோருக்கும் கற்பித்தார். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதையும் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. நான் மொட்டைமாடியில் செய்வது அதைத்தான்.

இப்போது நம் ஊர்.

1741 ஆகஸ்ட் 10. குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பள்ளிப் புத்தகத்தில் அந்த வெற்றியோடு கதை முடியும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை மன்னர் கொல்லவில்லை, வேலைக்கு வைத்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்து, துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, திருவிதாங்கூர் படையை ஐரோப்பிய முறைக்கு மாற்றியவர் அவர். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777இல் இறந்து, அதே கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். தக்கலை பக்கம் போனால் கல்லறையைப் பார்க்கலாம். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற படையில் அடிமுறை ஆசானுக்கு என்ன இடம்? 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கலகம் தோற்றபோது, இருந்த படையிலும் பெரும்பகுதியை ஆங்கிலேயர் கலைத்தார்கள்.

சீனாவில் பாக்ஸர் எழுச்சி செய்ததை இங்கே குளச்சல் வெற்றியும் வேலுத்தம்பியின் தோல்வியும் சேர்ந்து செய்தன என்பது என் ஊகம். போர்க்களம் போனது. அந்த வித்தை வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தாய்ச்சி பூங்காவுக்குப் போனது. எங்கள் அடிமுறை வைத்தியசாலைக்குப் போனது.

போவதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. அடிமுறையின் உச்சம் வர்மம். உடம்பில் 108 இடங்கள்: 12 படுவர்மம், 96 தொடுவர்மம். சுஸ்ருத சம்ஹிதை 107 மர்மங்கள் என்கிறது, அதில் 19 உடனடியாக உயிர் போகும் இடங்கள் என்று தனியாகப் பிரிக்கிறது. ஆனால் தமிழ் மரபின் பெயர்களும் வகைப்பாடும் வேறு. புருவ மத்தியில் திலர்தம், மார்பெலும்பு முடியும் குழியில் நேர்வர்மம், விலாப்புறத்தில் அடப்பக்காலம். அடிபட்டால் என்ன குறி காட்டும், எத்தனை நாழிகைக்குள் எடுக்க வேண்டும் என்றெல்லாம் 'வர்ம பீரங்கி', 'வர்ம கண்ணாடி' போன்ற பெயர்களில் சுவடிகள் இருக்கின்றன. பெயரிலேயே பீரங்கியும் கண்ணாடியும் வந்துவிட்டதைப் பாருங்கள். அகத்தியர் எழுதியதாகச் சொல்லப்படும் நூலில் பாரசீகச் சொல்லின் வாசம்.

இந்த மரபின் மையம் அடி அல்ல, அடங்கல். வர்மம் கொண்டவனை எழுப்ப அழுத்த வேண்டிய இடத்துக்கு அடங்கல் என்று பெயர். கூடவே இளக்குமுறை, தடவுமுறை. அடக்கத் தெரியாதவன் அடிக்கக்கூடாது என்பது ஆசான்மார் விதி. இது அறிவுரை மாதிரி இருக்கிறது, ஆனால் நடைமுறை. தோப்பில் தினமும் பையன்களுக்கு மூட்டு பிசகும், விரல் ஒடியும். சரிசெய்யத் தெரியாத ஆசானிடம் அடுத்த நாள் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

*

ஒன்று பூங்காவுக்கும் மற்றது வைத்தியசாலைக்கும் போனதால் வந்த வித்தியாசம் பெரியது. பூங்காவில் எல்லோரும் பார்க்கலாம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயது தாண்டிய 200 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 1996இல் வெளியானது. 15 வாரத் தாய்ச்சிப் பயிற்சி, அடிக்கடி விழும் ஆபத்தை 47.5 சதவீதம் குறைத்தது. 2012இல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் செய்த ஆய்வும் உடல் சமநிலை மேம்படுவதைக் காட்டியது. இப்படிச் சோதிக்க முடிந்ததே, எல்லோரும் ஒரே மாதிரி செய்யக்கூடிய ஒரு வடிவம் இருந்ததால்தான். எங்கள் கம்பெனி மொழியில் சொன்னால், தாய்ச்சிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் வெர்ஷன் வெளியாகிவிட்டது.

வர்மத்துக்கு அது நடக்கவில்லை. ஏன்? ரகசியம் என்பார்கள். ஏன் ரகசியம்? ஜெர்மானிய மானுடவியலாளர் ரோமன் ஸீலர் எங்கள் மாவட்டத்து ஆசான்மாரிடம் களப்பணி செய்து 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ரகசியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அந்த அறிவு இயங்கும் விதத்தின் ஒரு பகுதியாகவே ஆராய்கிறார். நான் அதோடு ஊர் வரலாற்றையும் சேர்ப்பேன். ஆசான்மாரில் பலர் நாடார்கள். எந்தச் சாதிப் பெண் மேலாடை போடலாம் என்பதுகூட 1859இல் அரச பிரகடனம் வரும்வரை அடிதடியாக இருந்த நாடு திருவிதாங்கூர். அப்படிப்பட்ட இடத்தில், ஆயுதம் தெரியாத ஒரு ஆயுதத்தை யாரும் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

இன்னொரு காரணம் எல்லைக்கோடு. தலச்சேரியில் சி.வி.நாராயணன் நாயர் போன்றவர்கள் 1930களிலேயே களரியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1958இல் கேரளத்தில் களரிப்பயிற்றுச் சங்கம் உருவானது. அங்கே எங்கள் முறைக்கும் 'தெற்கன் களரி' என்று ஒரு இடம் கிடைத்தது. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம். சீனாவில் 24 அசைவுகள் வெளியான அதே வருஷம். இங்கே தமிழுக்கு வந்தது எங்களுக்குப் பெருமைதான், அதற்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் தற்காப்புக்கலை என்றால் சிலம்பம். அடிமுறை என்ற சொல்லை எங்களுக்கு வெளியே பலர் முதன்முதலில் கேட்டது 2020இல் 'பட்டாஸ்' படத்தில்தான். வர்மத்தை 1996இல் 'இந்தியன்' படத்தில் கேட்டமாதிரி.

சித்த மருத்துவப் படிப்பில் இன்று வர்மம் இருக்கிறது. முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. வைத்தியம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. ஆனால் வகுப்பறையில் சுவடு கிடையாது. அடியும் அடங்கலும் அங்கே பிரிந்துவிட்டன. தாய்ச்சியில் சண்டை கழன்று விழுந்ததைப் போலவே.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆசானைப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். மகன்கள் இருவரும் வளைகுடாவில். தோப்பில் இப்போது கம்பு சத்தம் இல்லை, ரப்பர் வைத்திருக்கிறார்கள். திண்ணையில் அதே எண்ணெய் வாசம். கழுத்தைக் காட்டினேன். தடவிக்கொண்டே கேட்டார்.

"பெங்களூர்ல என்னமோ படிக்கியாமே?"

"தாய்ச்சி ஆசானே. சீனாக்காரங்க வித்தை."

"செய்து காட்டு."

திண்ணைக்குக் கீழே நின்று செய்தேன். ஆறு நிமிஷம். முழுக்கப் பார்த்தார். "கால் நல்லா இருக்கு. கைக்கு என்னத்துக்குன்னு தெரியாம கை போவுது" என்றார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். போனில் வீடியோ எடுத்துக்கொள்கிறேன், ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு, பூட்டு, பிறகு வர்மம், அடங்கல். பாஸ்வேர்டு போட்டு வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்க மாட்டேன். இல்லாவிட்டால் உங்களோடு போய்விடுமே ஆசானே என்று வாய்வரை வந்ததைச் சொல்லவில்லை. அவருக்கே புரிந்தது.

"எங்கூட போவட்டும்னு நான் சொல்லல்ல மக்கா. எனக்க ஆசான் பன்னிரண்டு வருசம் எனக்கு எண்ணெய் காய்ச்சத்தான் சொல்லித்தந்தாரு. அப்பம் அவரு என்னைப் பாத்துட்டிருந்தாரு. உனக்க போனு ஆளைப் பாக்குமா?"

எனக்குப் பதில் இருந்தது. ஒளித்துவைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு என்று எங்கள் துறையில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள். சோதிக்கப்படாத அறிவில் எது மருந்து, எது வெறும் நம்பிக்கை என்று யாருக்குத் தெரியும்? பார்வையாலேயே விழவைக்கும் நோக்குவர்மத்தையும், கழன்ற தோளைச் சேர்க்கும் கையையும் ஒரே மூட்டையில் கட்டிவைப்பது அந்தக் கைக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? இதையெல்லாம் பெங்களூருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் நன்றாகச் சொன்னேன், எனக்கு நானே. திண்ணையில் என் கழுத்து அவர் கையில் இருந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவ விருப்பமில்லை. தடவுமுறை, கட்டு, எண்ணெய், குறிகள், இதெல்லாம் எழுதப்பட வேண்டும், சோதிக்கப்பட வேண்டும், அந்த ஆசான்மார் கண்மூடுவதற்குள். சுவடும் பூட்டும் பள்ளி மைதானத்துக்கு வரலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. 12 படுவர்மம் மட்டும் வேண்டுமானால் அவர்களோடு போகட்டும். அது இல்லாமல் உலகம் குறைப்பட்டுவிடாது.

கிளம்பும்போது ஆசான் எழுந்து வந்தார். வீடியோ வேண்டாம் என்றவர், முற்றத்து மண்ணில் காலால் ஒரு கோடு போட்டார். முதல் சுவடு. எங்கே கால் வைக்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்று மூன்று தடவை நடந்து காட்டினார். நான் நான்காவது தடவை தப்பாக வைத்தேன். முழங்காலில் விரலால் ஒரு தட்டு. வலித்தது.

"அடுத்த தடவை வரும்ப இதை மட்டும் சரியா செய்துகாட்டு. பெறவு பாப்போம்."

ஓணத்துக்கு லீவு போட்டிருக்கிறேன்.