மியூட் பட்டனுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது

ஸூம் என்பது 2020 மார்ச்சில் கொரோனாவோடு சேர்ந்து வந்து இறங்கியது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு கிழமையில் பாடசாலை திறந்துவிடும் என்று சோக்குத் தூளோடு வீட்டுக்கு வந்த நாம், பிறகு மாதக்கணக்கில் போன் திரைக்குள் வகுப்பு நடத்தினோம். இப்போது கொரோனா போய்விட்டது, ஸூம் போகவில்லை. வலயக் கூட்டம், செயலமர்வு, பெற்றோர் கூட்டம், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களின் கூட்டம் எல்லாம் அதில்தான். மாதத்துக்கு ஒரு தடவை அப்டேட் வருகிறது. கூட்டக் குறிப்பைத் தானே எழுதுமாம், ஒருவர் பேசுவதை வேறு மொழியில் மாற்றித் தருமாம், பின்னாலிருக்கும் சுவரை மறைக்குமாம். ஆசிரியர் அறையில் இவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இவற்றில் பாதி, நமது வாப்பாமார் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே யாரோ ஒருவர் செய்து பார்த்தவைதான். அந்தக் கதையைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

முகம் பார்த்துப் பேசும் பொதுச் சேவை 1936இலேயே ஜேர்மனியில் இருந்தது. பெர்லினுக்கும் லைப்சிக் நகரத்துக்கும் இடையில் கேபிள் போட்டு, தபாலகத்தில் அதற்கென்று அமைத்த கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். யுத்தம் அதை விழுங்கியது. 1940இல் மூடிவிட்டார்கள்.

பிறகு அமெரிக்கா. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அன்ட் டி. கம்பனி "பிக்சர்போன்" என்ற கருவியைக் காட்டியது. ஆட்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதே வருடம் ஜூனில் நியூயோர்க், வொஷிங்டன், சிக்காகோ ஆகிய மூன்று நகரங்களில் பொதுக் கூண்டுகள் திறக்கப்பட்டன. ஜனாதிபதி ஜோன்சனின் மனைவி வொஷிங்டனிலிருந்து முதல் அழைப்பை எடுத்தார். மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 16 டொலரிலிருந்து 27 டொலர் வரை. அந்தக் காலத்து 27 டொலர் என்பதை மறக்க வேண்டாம். முன்கூட்டியே நேரமும் பதிய வேண்டும். சனம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கம்பனி விடவில்லை. 1970இல் பிட்ஸ்பர்க் நகரத்தில், அலுவலக மேசையில் வைக்கும் இரண்டாவது மாதிரியைக் கொண்டுவந்தார்கள். மாத வாடகை 160 டொலர், அதற்குள் அரை மணித்தியாலம்தான் பேசலாம். இந்தக் கருவியில் இருந்த வசதிகளைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தன் முகம் மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று தானே பார்க்க ஒரு பட்டன். இன்று ஸூமில் மூலையில் தெரியும் நமது சொந்த முகம், அதேதான். கமெராவுக்கு முன்னால் ஒரு சிறிய கண்ணாடி. அதைத் திருப்பிவிட்டால் மேசையில் வைத்திருக்கும் கடதாசி அந்தப் பக்கத்தவருக்குத் தெரியும். இன்று நாம் "ஸ்கிரீன் ஷெயார்" என்கிறோம். முகத்தைக் காட்ட விருப்பமில்லையென்றால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் பேசவும் வழி இருந்தது.

1980 ஆகும்போது பத்து இலட்சம் கருவிகள் பாவனையில் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். சில நூறைத் தாண்டவில்லை. விலை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. போன் மணி அடித்தவுடன் தலைவாரி, சட்டை மாற்றி, முகம் காட்ட ஆயத்தமாக இருப்பதற்குச் சனம் விரும்பவில்லை. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமது வீட்டுப் பெண்கள் வீடியோ அழைப்பு வந்ததும் முதலில் தேடுவது முந்தானையை. கிடைக்காவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

இடையில் 1968 டிசம்பர் 9ஆம் திகதியையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியியலாளர் சுமார் ஆயிரம் பேருக்கு முன்னால் தொண்ணூறு நிமிடம் ஒரு செய்முறை காட்டினார். கணினி மவுஸை உலகம் முதன்முதலில் பகிரங்கமாகக் கண்டது அன்றுதான். ஐம்பது கிலோமீற்றர் அளவு தூரத்திலிருந்த தன் சகாவின் முகத்தைத் திரையின் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தில் ஒரே எழுத்துப் பிரதியில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரே திரையில் இருவருடைய அம்புக்குறிகளும் ஓடின. நாம் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் மவுஸைச் சொல்லிக்கொடுக்கிறோம், இதைச் சொல்வதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே தடை இருந்தது. படம் என்பது மிகப் பெரிய பாரம். குரல் போகும் கம்பியில் அது போகாது. பிக்சர்போனுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு சோடிக் கம்பி போதாமல் மூன்று சோடி இழுத்தார்கள். அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர்களில் முக்கியமான ஒருவரின் பெயரை நமது பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாசிர் அஹ்மத். 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972இல் படத்தைச் சுருக்குவதற்கு ஒரு கணித முறையைச் சொல்லி, தேசிய விஞ்ஞான மன்றத்திடம் ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறதாம்! அடுத்த வருடக் கோடை விடுமுறையில், அந்த மாதங்களுக்குரிய வருமானம் இல்லாமலே அதைச் செய்து முடித்தார். தன் மாணவர் டி. நடராஜன், சக ஆய்வாளர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு 1974 ஜனவரியில் வெளியிட்டார். மொத்தம் நான்கே பக்கங்கள்.

அந்த முறை என்ன செய்கிறது? படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. சாதாரணமாக நெடுக்கில் எட்டுப் புள்ளி, குறுக்கில் எட்டுப் புள்ளி. ஒவ்வொரு சதுரத்தையும் சில அலை வடிவங்களின் கூட்டாக எழுதுகிறது. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு கோசைன் வளையி ஞாபகம் இருக்கும், அதுதான். பெரிய அலைகளில் படத்தின் முக்கியமான தோற்றம் அடங்கிவிடும். நுண்ணிய அலைகளை எறிந்துவிட்டாலும் மனிதக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சிக்னல் குறையும்போது முகம் கட்டம் கட்டமாக உடைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டங்கள் இந்தச் சதுரங்கள்தான். போனில் எடுக்கும் ஜேபெக் படமும், 1988இல் வந்த முதலாவது பரவலான வீடியோ அழைப்புத் தரமும், அதன் பின் வந்த தரங்களும் இந்த அத்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன. 2021இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று, கொரோனாக் காலத்தில் ஒரு குடும்பம் வீடியோ அழைப்பில் கூடுவதைக் காட்டியபோது நாசிர் அஹ்மதின் கதையையும் சேர்த்துச் சொன்னது. நமது பாடப் புத்தகங்களுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தக் காலத்தில் நமது ஊர்களில் என்ன நடந்தது? எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சனம் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போகத் தொடங்கியது. கடிதம் போய் வர வாரங்கள் ஆகும். எழுதத் தெரியாதவர்கள் கெசட்டில் குரலைப் பதிந்து, லீவில் வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். உம்மா பேசுவார், பிள்ளை ஓதிக் காட்டும், இடையில் சேவல் கூவும், யாரோ கதவைத் தட்டுவார்கள். பிறகு டவுனில் கொமியூனிகேஷன் கடைகள் வந்தன. நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டே பேசினோம். 2003இல் ஸ்கைப் வந்து, 2006இல் அதில் முகமும் தெரியத் தொடங்கியது. வளைகுடா நாடுகள் சிலவற்றில் இணைய அழைப்புக்குத் தடை இருந்ததால் நமது ஆட்கள் ஒன்று மூடினால் இன்னொன்று என்று தேடிக்கொண்டே போனார்கள். ஐஎம்ஓ நமது உம்மாமாருக்கு அப்படித்தான் பழக்கமானது. வட்ஸ்அப் வீடியோ அழைப்பு 2016 நவம்பரில்தான் வந்தது. ஸ்கைப்பை 2025 மே 5ஆம் திகதி மைக்ரோசொப்ட் மூடிவிட்டது. ஊரில் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஸூமை உருவாக்கிய எரிக் யுவான் சீனாவில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது, பிற்காலத்தில் தன் மனைவியான பெண்ணைப் பார்க்கப் பத்து மணித்தியாலம் ரயிலில் போவாராம். அந்தப் பயணங்களில்தான் முகம் பார்த்துப் பேசும் கருவி பற்றிய எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்க வீசா எட்டுத் தடவை மறுக்கப்பட்டு ஒன்பதாவது தடவை கிடைத்தது. வெளிநாடு போக ஏஜென்சி வாசலில் நின்ற நமது இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். வெப்எக்ஸ் கம்பனியில் பல வருடம் வேலை செய்து, 2011இல் விலகி, 2013இல் ஸூமை வெளியிட்டார். 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பங்கேற்புகள். 2020 ஏப்ரலில் முப்பது கோடி.

அந்த அவசரத்தில் ஒரு விடயம் வெளியே வந்தது. யாராவது ஸூம் திரையை விட்டு முப்பது விநாடிக்கு மேல் வேறு பக்கம் போனால், கூட்டத்தை நடத்துபவருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும் வசதி ஒன்று அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் நீக்கினார்கள். அழைக்காதவர்கள் வகுப்புக்குள் புகுந்து அசிங்கம் காட்டியதால்தான், உள்ளே விடும்வரை காத்திருக்கும் அறையும் கடவுச்சொல்லும் அதே மாதம் எல்லோருக்கும் பொதுவாயின. வசதிகள் பலவும் இப்படித்தான், அடிபட்ட பிறகு வருகின்றன.

நமது நாட்டில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பு ஊடாக ஸூமும் இலவச டேட்டாவும் கிடைத்தன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது இல்லை. வட்ஸ்அப் குழுவில் குறிப்பைப் படம் பிடித்துப் போட்டோம், ரீலோட் போட்ட காசும் நமது காசுதான். பதுளை மாவட்டத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறியது உலகச் செய்தியானது. 2021 ஜூலையில் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஏறக்குறைய நூறு நாள் திரை இருட்டாக இருந்தது. "பிள்ளைகளின் படிப்பு" என்று அன்று நம்மை ஏசியவர்கள், அதற்கு முன் வகுப்பில் யார் யார் இருக்கவே இல்லை என்று கேட்கவில்லை. மூன்று பிள்ளைக்கு ஒரு போன் உள்ள வீட்டில் அந்தப் போன் வாப்பாவோடு கடைக்குப் போய்விடும்.

கமெராவைப் போடச் சொல்லி வற்புறுத்திய வகுப்புகளும் இருந்தன. தகரக் கூரையும் காயப்போட்ட உடுப்பும் தெரியும் என்று பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதி அதற்குத்தான் என்று நினைப்போம். மைக்ரோசொப்டில் அதன் தொடக்கம் வேறு. சுவேதா மச்சனவஜ்ஜலா என்ற, பிறவியிலேயே செவிப்புலன் குறைந்த இந்தியப் பெண் பொறியியலாளர், ஊரிலுள்ள பெற்றோரோடு வீடியோவில் பேசும்போது உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவர்களுக்குப் பின்னால் உள்ள வெளிச்சம் முகத்தை மறைக்கும். அந்தச் சிரமத்திலிருந்து பிறந்த வேலை 2018இல் டீம்ஸில் வந்து சேர்ந்தது. ஆனால் இந்த வசதிக்குப் பலமான கருவி வேண்டும். மறைக்க வேண்டிய சுவர் உள்ள வீட்டில் இருக்கும் பழைய போனில் அது பெரும்பாலும் ஓடுவதில்லை.

இப்போதைய புதினங்களில் கூட்டத்தைக் கேட்டுச் சுருக்கம் எழுதும் வசதி 2023இலிருந்து ஒவ்வொரு கம்பனியாக வந்துவிட்டது. வேலைக்கு உதவும்தான். ஒரு பிள்ளையின் வீட்டுப் பிரச்சினையைப் பெற்றோரோடு பேசும் கூட்டத்திலும் அதைப் போட்டு வைப்பதை நாம் ஏற்கவில்லை. ஆர்வமாக நாம் பார்த்திருந்தது மொழிபெயர்ப்பைத்தான். 2024 நவம்பரில் மைக்ரோசொப்ட் ஓர் அறிவிப்புச் செய்தது. டீம்ஸ் கூட்டத்தில் ஒருவர் பேசப் பேச, அவருடைய குரலின் சாயலிலேயே வேறு மொழியில் மற்றவருக்குக் கேட்கும். தொடக்கத்தில் ஒன்பது மொழிகள்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துக்கேயம், சீனம், ஜப்பான், கொரியன். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. நமது கூட்டங்களில் இன்னும், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர் சொல்லப்படுவதைக் கேட்டுக் கேட்டு, வட்ஸ்அப்பில் மற்றவர்களுக்காகத் தமிழில் தட்டெழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்கும் நேரம் வரும்போது அவருடைய மியூட்டை எடுத்துவிட ஹோஸ்ட்டுக்கு ஞாபகம் வர வேண்டும்.