கோலார் தங்கவயல்: சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு ஆகியும் ஊர் காலியாகாதது ஏன்?

விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குப் போனீர்கள் என்றால், பாதி ஊர் அங்கேதான் நிற்கும். கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ரயில் பங்காருபேட்டை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி பெங்களூரு சேரும். காலையில் போனவர்கள் இருட்டிய பிறகு திரும்புவார்கள். கே.ஜி.எஃப் அவர்களுக்குத் தூங்கி எழும் ஊர்.

"மைன்ஸ் மூடுனதோட ஊரும் முடிஞ்சுபோச்சு" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மக்கள்தொகைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1901-ல் தங்கவயலின் மக்கள்தொகை 38,204. அரை நூற்றாண்டில் அது நான்கு மடங்காகி, 1951-ல் 1.59 லட்சத்தைத் தொட்டது. அதற்கு அடுத்த 60 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 36 கோடியிலிருந்து 121 கோடியானது. பக்கத்தில் இருக்கும் பெங்களூரு பத்து மடங்குக்கும் மேல் பெருத்தது. தங்கவயல் மட்டும் 2011 கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய அதே ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நின்றது. நடுவில் நகர எல்லைகள் மாறியிருப்பதால் இந்த எண்களை அப்படியே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. ஊர் காலியாகவில்லை, வளரவும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஆட்களும் அவர்கள் பிழைப்பும் மாறிவிட்டன.

முதலில் யார் வந்தார்கள்?

1870-களில் மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கி இங்கே தங்கம் தேடினார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் சுரங்கத் தொழில் சூடுபிடித்தது. நிபுணர்களாக இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். அங்கே செம்பு, தகரச் சுரங்கங்கள் நொடித்துப்போய் ஆட்கள் உலகம் பூராவும் பிழைப்புத் தேடிக் கிளம்பியிருந்த காலம் அது. ஒரு சுரங்க ஊர் காலியானதில் இன்னொரு சுரங்க ஊர் நிரம்பியது. அவர்களோடு இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவல் வேலைக்குப் பஞ்சாபிகள்.

குழிக்குள் இறங்கிய கூட்டம் வேறு. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். 1876-78 பஞ்சத்தின் வடு ஆறாத கிராமங்கள் அவை. ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவருக்கு இங்கே மாசம் பொறந்தா கையில் கூலி. அதற்கு விலையும் இருந்தது: தட்டியும் தகரமும் வைத்த ஒற்றை அறை, பாறை வெடிப்பு, சிலிக்கா தூசியில் கெட்டுப்போகும் நுரையீரல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். 1902-ல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது அது முதலில் பாய்ந்தது சுரங்க இயந்திரங்களுக்கு. தொழிலாளர் லைன் வீடுகளில் விளக்கு எரிய வெகுகாலம் ஆனது.

இந்தக் குடியேற்றத்தை வெறும் கூலிக் கணக்காகப் பார்த்தால் பாதிதான் புரியும். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது, புத்தகங்கள் அச்சாயின. 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முயன்றபோது, "நாங்க என்ன குற்றவாளிகளா?" என்கிற கோபத்தில் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. வந்தேறிகளாக இருந்தவர்கள் இதை "நம்ம ஊரு" என்று நினைக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

யார் போனார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் கிளம்பினார்கள். 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானபோது தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து, எடுக்கும் செலவு ஏறிக்கொண்டிருந்தது. ஆள் எடுப்பது குறைந்துகொண்டே போனது. 1960-களில் தொடங்கிய பி.இ.எம்.எல் தொழிற்சாலை சிலருக்குக் கைகொடுத்தது, அவ்வளவுதான். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது மிச்சமிருந்தவர்கள் சில ஆயிரம் பேர். நிறுவனத்தோடு அதன் மருத்துவமனையும் போனது. சுரங்கத்தை மூடியதைவிட இதுதான் பல குடும்பங்களுக்குப் பெரிய அடி. தூசி தின்ற நுரையீரலோடு ஓய்வு பெற்றவர் வைத்தியத்துக்கு வெளியூர் போக வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஏன் காலியாகவில்லை?

இரண்டு காரணம்: வீடும் ரயிலும். பெங்களூரில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தும் அளவுக்குப் பலருக்குச் சம்பளம் இல்லை. தங்கவயலில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் கம்பெனி குவார்ட்டர்ஸ் இருக்கிறது. தங்கத்துக்காகப் போட்ட தண்டவாளமும் இருக்கிறது. அதனால் வேலையை அங்கேயும் வீட்டை இங்கேயும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தமிழ் வழிக் கல்வியிலிருந்து விலகி கன்னடம், ஆங்கிலம் பக்கம் போனார்கள். பெங்களூரில் வேலை வேண்டுமே. வீட்டில் தமிழ் தொடர்கிறது, அதுவும் தெலுங்கும் கன்னடமும் கலந்த தங்கவயல் தமிழ்.

அரசியலிலும் மாற்றம் தெரிகிறது. கர்நாடகத்தில் இருந்தாலும் இந்தத் தொகுதி 1999-ல் அ.தி.மு.க. வேட்பாளரையும், 2004-ல் இந்தியக் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. தொகுதி மறுவரையறையில் சுற்றுவட்டார கிராமங்கள் சேர்ந்த பிறகு, 2008-ல் பா.ஜ.க. வென்றது. இப்போது காங்கிரஸ் வசம் இருக்கிறது. தமிழ்க் கட்சிகளுக்கு அதன் பிறகு இங்கே இடமில்லை. மக்கள் கருத்து மாறியதும் உண்டு, கோடு மாறியதும் உண்டு.

வரும் கணக்கெடுப்பில் என்ன தெரியும்?

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பு ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்று பார்க்கும். தினமும் ரயிலில் போய் வருபவர் தங்கவயல் கணக்கில் வருவார். வாரம் பூரா பெங்களூரு பி.ஜி.யில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருபவர் எந்த ஊர்க் கணக்கு? அவரும் வீட்டாரும் கணக்கெடுப்பாளரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பதிவாகக் கூடாது, இரண்டிலும் விட்டுப்போகவும் கூடாது. பள்ளி, மருத்துவமனை, நகராட்சி நிதி எல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

2011-ல் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்றும் கேட்டார்கள். தங்கவயலின் இன்றைய நிலையைக் காட்டக்கூடிய கேள்வி அதுதான். வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது கேட்ட இன்னொரு கேள்வி, வீடு சொந்தமா, வாடகையா என்பது. மூன்று தலைமுறையாகக் குவார்ட்டர்ஸில் இருந்தும் கையில் பட்டா இல்லாத குடும்பம் அதற்கு என்ன பதில் சொல்லும்?

இதற்கிடையே, சயனைடு மேடுகள் என்று ஊரார் சொல்லும் 13 கழிவு மண் குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,000 ஏக்கர், 3.3 கோடி டன் மண். "மறுபடி மைன்ஸ் திறக்குது" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. ஆனால் இது குழிக்குள் இறங்கும் வேலை இல்லை, மேலே கிடக்கும் மண்ணை இயந்திரம் வைத்து அள்ளிக் கரைக்கும் வேலை. பழையபடி ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள் என்று நம்பி யாரும் மாரிக்குப்பம் ரயிலின் சீசன் டிக்கெட்டை விட்டுவிட வேண்டாம்.