சுவருக்கு வெளியே வந்த செவிலியர்கள்: பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக் கதை

அறிவுசார் குறைபாடு என்பது நோய் அல்ல. மருந்து கொடுத்துக் குணப்படுத்தக் கூடியதும் அல்ல. அப்படியானால் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு நர்ஸ் எதற்கு?

இந்தக் கேள்வி பிரிட்டனில் நூறாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வருகிறது. அந்தத் தொழிலையே மூடிவிடலாம் என்று அரசு நியமித்த குழுக்களே சொன்ன காலமும் உண்டு. ஆனாலும் அந்தத் தொழில் சாகவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பொதுச் செவிலியம், குழந்தைகள் செவிலியம், மனநலச் செவிலியம் போலவே இதற்கும் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. வேறு நாடுகளில் இப்படித் தொடக்கத்திலிருந்தே பிரித்துப் படிப்பது மிக அரிது. இது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரிட்டனில் இதற்கு "கற்றல் குறைபாடு" என்று பொருள்படும் பெயரையே பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியாவைத்தான் பலரும் நினைப்பார்கள். இங்கே பேசப்படுவது அது அல்ல. புரிந்துகொள்வதிலும் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்வதிலும் சிறுவயதிலிருந்தே சிரமம் உள்ளவர்களைப் பற்றியது. மனநோயும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1913: சட்டம் கட்டிய சுவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு பயம் பரவியிருந்தது. அறிவு குறைந்தவர்கள் பெருகிவிட்டால் இனமே சீரழியும் என்ற பயம். இனமேம்பாட்டுவாதம் என்ற பெயரில் படித்தவர்களே இதை அறிவியல் போலப் பேசினார்கள். 1904-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1908-இல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1913-இல் மனக்குறைபாட்டுச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற உறுப்பினர் விடாப்பிடியாக எதிர்த்தும் பயன் இல்லை.

இந்தச் சட்டம் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்தது. அந்த வகைகளுக்கு அது வைத்த பெயர்கள் இன்று வசைச்சொற்கள். அவற்றில் ஒன்று "ஒழுக்கக் குறைபாடு" உள்ளவர்களுக்கானது. ஏழை நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்த திருமணமாகாத தாய்மார்களைக்கூடப் பிடித்து அடைத்து வைக்க இந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. அப்படி உள்ளே போன சிலர் ஆயுள் முழுக்க வெளியே வரவில்லை.

ஊருக்கு வெளியே பெரிய நிலப்பரப்பில் "காலனி"கள் கட்டப்பட்டன. உள்ளேயே பண்ணை, சலவைக்கூடம், தையல் அறை எல்லாம் இருக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் காவலர்களைப் போன்றவர்கள்தான். சாவிக்கொத்தும் வருகைப்பதிவும்தான் அவர்களின் முக்கியக் கருவிகள். மனநல மருத்துவர்களின் சங்கம் இவர்களுக்கென்று ஒரு பயிற்சிச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. இந்தத் தொழிலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1948: காவலர் நர்ஸ் ஆனார்

1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது இந்தக் காலனிகளும் அதன் கீழ் வந்தன. ஒரே இரவில் காலனி மருத்துவமனை ஆயிற்று, அங்கே இருந்தவர்கள் நோயாளிகள் ஆனார்கள், பார்த்துக்கொண்டவர்கள் நர்ஸ்கள் ஆனார்கள். கட்டடம் மட்டும் மாறவில்லை. ஐம்பது அறுபது கட்டில்கள் நெருக்கி நெருக்கிப் போடப்பட்ட நீண்ட வார்டுகள் அப்படியே இருந்தன. ஒரு ஷிப்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் பார்த்துக்கொள்ள. கரீபியன் தீவுகள், மொரீஷியஸ், மலேசியா என்று பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களும் பிற்காலத்தில் இந்த வார்டுகளில் நர்ஸ்களாகப் பணிபுரிந்தார்கள்.

மாற்றத்துக்கான முதல் குரல் பெற்றோரிடமிருந்து வந்தது. ஜூடி ஃப்ரைட் என்ற தாய் 1946-இல் தொடங்கிய பெற்றோர் சங்கம்தான் பிறகு மென்கேப் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது.

அடுத்த குரல் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. 1958-இல் ஜாக் டிஸார்ட் ஒரு சோதனை செய்தார். லண்டனில் இருந்த ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளை புரூக்லேண்ட்ஸ் என்ற வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சிறு சிறு குழுக்கள், விளையாட்டு, கூடவே இருந்து பேசும் பெரியவர்கள். அதே போன்ற 16 குழந்தைகள் ஒப்பீட்டுக்காக மருத்துவமனையிலேயே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குப் போன குழந்தைகள் பேச்சில் தெளிவாக முந்திவிட்டார்கள். குழந்தைகள் பின்தங்கியதற்குக் குறைபாடு மட்டுமல்ல, வார்டும் காரணம் என்று தெரிந்தது.

1959-இல் வந்த மனநலச் சட்டம் பழைய 1913 சட்டத்தை நீக்கியது. ஆனால் போவதற்கு வெளியே வீடு இல்லாதபோது கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

ஈலி: மூடி திறந்தது

1967 ஆகஸ்டில் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் நாளிதழ் அல்ல, வார இதழ், ஒரு செய்தி வெளியிட்டது. மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் அடிக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு வரும் உணவும் துணியும் திருடப்படுகின்றன என்று ஒரு உதவிச் செவிலியர் எழுதிய கடிதத்தின் அடிப்படையில் வந்த செய்தி அது. அந்த இடம் வேல்ஸில் கார்டிஃப் நகரில் இருந்த ஈலி மருத்துவமனை.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி ஹவ். பிற்காலத்தில் நிதியமைச்சரான அதே ஹவ்தான். அவருடைய அறிக்கை குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியை உறுதி செய்தது. கொடூரமானவர்கள் சிலர் செய்த வேலை என்று அதை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஆள் பற்றாக்குறை, இட நெருக்கடி, பழைய பயிற்சி, மேலிடத்தின் அலட்சியம் என்று எல்லாம் சேர்ந்த விளைவு அது. புகார் சொன்ன ஊழியர்களே பழிவாங்கப்பட்டார்கள் என்பதும் அறிக்கையில் இருந்தது. அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் 1969 மார்ச்சில் அதை முழுமையாக வெளியிட்டார். மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்க்கும் ஆலோசனை அமைப்பு ஒன்றும் அதே ஆண்டில் உருவானது.

1971-இல் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அப்போது இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்தக் கட்டில்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஊருக்குள்ளேயே வீடும் பகல்நேர மையமும் அமைக்க வேண்டும் என்பது இலக்கு. அதே ஆண்டு முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் குழந்தைகள் அனைவருக்கும் கல்வி உரிமையும் கிடைத்தது. அதற்கு முன்பு "கற்பிக்க இயலாதவர்" என்று முத்திரை குத்திப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்த நர்ஸ்

மக்கள் வெளியே வரும்போது நர்ஸும் கூடவே வர வேண்டியிருந்தது. 1970-களில் சில மருத்துவமனைகள் தங்கள் நர்ஸ்களை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. வார்டிலிருந்து போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதலில் வேலை. பிறகு, மருத்துவமனைக்கே வராமல் பெற்றோருடன் வாழ்ந்த குடும்பங்களையும் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் நர்ஸும் சமூகப் பணியாளரும் சேர்ந்து இயங்கும் சமூகக் குழுக்கள் அமைக்கும் யோசனை வலுப்பெற்றது. 1983-இல் வேல்ஸ் முழுவதற்கும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. சாதாரண வீட்டில் சாதாரண வாழ்க்கை வாழ்வது உரிமை என்பது அதன் அடிப்படை.

இந்த நேரத்தில்தான் தொழிலின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1972-இல் பிரிக்ஸ் குழு, இதற்குச் செவிலியம் அல்லாத ஒரு புதிய பராமரிப்புத் தொழில் தேவை என்றது. 1979-இல் பெக்கி ஜே தலைமையிலான குழு இன்னும் தெளிவாகச் சொன்னது: இவர்கள் நோயாளிகள் அல்ல, எனவே பார்த்துக்கொள்பவர்களுக்குச் சமூகப் பணிப் பயிற்சி கொடுத்தால் போதும். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. மருத்துவமனை என்ற பெயரில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் அல்லவா? ஆனால் செவிலியர் சங்கங்கள் எதிர்த்தன. அரசும் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1982-இல் பாடத்திட்டம் மாற்றி எழுதப்பட்டது. வார்டு நிர்வாகத்துக்குப் பதிலாக, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ள எப்படி உதவுவது என்பது அதன் மையமானது.

அப்படி வந்த நர்ஸ் வீட்டுக்குள் என்ன செய்கிறார்?

ஒருவருக்கு வலிப்பு வருகிறது. பொதுமக்களில் நூற்றில் ஒருவருக்கு இருக்கும் வலிப்பு நோய், இவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. வலிப்பு நீண்டால் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைக்கும் மருந்தை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இன்னொருவருக்குச் சாப்பிடும்போது புரையேறுகிறது. அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து உணவின் பதத்தை முடிவு செய்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்குத் தைராய்டு குறையலாம், நாற்பது ஐம்பது வயதிலேயே மறதிநோய் தொடங்கலாம். ஊசியைக் கண்டாலே ஓடுகிறவருக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றால், பல வாரங்கள் முன்பே தொடங்கி முதலில் அறையைக் காட்டி, பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, மெல்ல மெல்லப் பழக்குகிறார்.

பேச முடியாதவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார் என்று வையுங்கள். "அவர் எப்போதும் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். பல் வலியா, காது வலியா, மலச்சிக்கலா என்று தேடிப் பார்ப்பதுதான் இந்த நர்ஸின் வேலை. எல்லாவற்றையும் குறைபாட்டின் மேலேயே போட்டுவிட்டு உண்மையான நோயைக் கோட்டைவிடும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு.

கோட்டைவிட்டதன் விலை

அந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கும் என்பது பிறகு கணக்காகவே வெளிவந்தது. 2007-இல் மென்கேப், பொது மருத்துவமனைகளில் இறந்த ஆறு பேரின் கதைகளை வெளியிட்டு, இவை அலட்சியத்தால் நேர்ந்த மரணங்கள் என்றது. 2008-இல் சர் ஜொனாதன் மைக்கேல் நடத்திய விசாரணை, கவனிப்பில் இருந்த குறைகளை உறுதி செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்யும் திட்டமும் இங்கிலாந்தில் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 2013-இல் வெளியான ஆய்வு 247 மரணங்களை ஆராய்ந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறக்கிறார்கள் என்று அது காட்டியது.

"நோயாளிகள் அல்ல, நர்ஸ் எதற்கு?" என்ற கேள்விக்கு இந்த எண்களே பதில். குறைபாடு நோய் அல்ல என்பது உண்மை. ஆனால் குறைபாடு உள்ளவருக்கும் நோய் வரும். அதை அவரால் எடுத்துச் சொல்ல முடியாது என்பதும், சொன்னாலும் கேட்பவர் இல்லை என்பதும்தான் சிக்கல்.

சுவர் மீண்டும் எழுந்தது

ஈலி 1996-இல் மூடப்பட்டது. மற்றப் பெரிய மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஊருக்குள் போதிய ஆதரவு இல்லாதவர்கள் நெருக்கடி வந்தபோது தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை ரகசியக் கேமராவில் பதிவு செய்து காட்டியது. அங்கே இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் முன்பே புகார் கொடுத்திருந்தார், கண்டுகொள்வார் இல்லை. 11 ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது, அதில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். ஈலிக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதே காட்சி, புகார் சொன்னவருக்கு அதே கதி!

அங்கே தேவையின்றித் தங்கியிருப்பவர்களை 2014 ஜூனுக்குள் வெளியே கொண்டுவருவோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. அது நிறைவேறவில்லை. 2020-களிலும் இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஏறத்தாழ 2,000 பேர் இத்தகைய மருத்துவமனைகளில் இருந்தார்கள்.

பூட்டு இல்லாமலும் ஒருவரை அடைக்கலாம். 2015-இல் வந்த கணக்கின்படி, இங்கிலாந்தில் 30,000 முதல் 35,000 பெரியவர்கள் உரிய மனநோய் எதுவும் இல்லாமலே மனநல மருந்துகளை நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் இதைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர், குடும்பம் வேண்டாம் என்று எச்சரித்தும் கொடுக்கப்பட்ட அத்தகைய மருந்து ஒன்றின் விளைவாக இறந்தார். அவருடைய தாயின் போராட்டத்தால், சுகாதாரப் பணியாளர்கள் இத்துறையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2022-இல் சட்டமானது.

இத்தனைக்கும் நடுவில் நர்ஸ்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2009-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் இத்துறை நர்ஸ்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். 2017-இல் மாணவர் உதவித்தொகை நிறுத்தப்பட்டபோது, ஏற்கெனவே வயதில் மூத்தவர்கள் அதிகம் சேரும் இந்தப் படிப்புக்குப் பலத்த அடி விழுந்தது. 2020-இல் ஒரு மானியம் மீண்டும் வந்தது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அதற்குள் படிப்பையே கைவிட்டிருந்தன.

இந்த வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. கட்டடங்களை மூடுவதற்குச் சட்டமும் பணமும் போதும். வெளியே வந்தவரைத் தேடி வீட்டுக்குப் போக ஆள் வேண்டும். பிரிட்டன் முதலாவதைச் செய்து முடித்தது. இரண்டாவதில் எப்போதெல்லாம் கஞ்சத்தனம் காட்டியதோ, அப்போதெல்லாம் பழைய வார்டு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. பெரிய விடுதிகளை மூடிவிட்டுச் சமூகத்துக்குள் கொண்டுவருவோம் என்று பேசுகிற எந்த நாடும் படிக்க வேண்டிய பாடம் இது.