மலையைத் துளைத்த நீர்வழி: பெரியாற்றுத் திட்டத்தில் சுரங்கத்தின் இடம்

முல்லைப் பெரியாற்றுத் திட்டம் பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவை அணையைப் பற்றியனவே. ஆயின், மேற்கே பாயும் ஆற்றை அணை தேக்கி நிறுத்துமேயன்றிக் கிழக்கே திருப்பிவிடாது. அதனைச் செய்தது, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிரிமேட்டைக் குடைந்து அமைத்த, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய சுரங்கமாகும்.

திட்டத்தின் தொடக்க வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை பெரியாற்றைத் திருப்ப எண்ணினார். பொருளின்மையால் அது நிறைவேறவில்லை. 1808இல் ஆய்வு செய்த படைப்பொறியாளர் கால்டுவெல் (மொழிநூல் அறிஞரான கால்டுவெல் அல்லர்), நூறடிக்கு மேற்பட்ட ஆழத்துக்கு மலையை வெட்ட வேண்டும் எனக் கண்டு திட்டத்தை ஒதுக்கினார். ஆற்றின் இயல்பான மட்டத்திலிருந்து நோக்கின் அவர் முடிவு பிழையன்று. பின்வந்தோர் அம்மட்டத்தையே மாற்ற முற்பட்டனர். மலையை ஆறு வரை தாழ்த்த இயலாதெனின், ஆற்றை மலையின் இடுப்பு வரை உயர்த்தலாம் என்பதே 1867இல் மேஜர் ரைவ்ஸ் வகுத்த உயர்ந்த மண் அணைத் திட்டத்தின் உட்கருத்து.

1876–78 பெரும்பஞ்சம் இத்தேவையை வலியுறுத்தியது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய பணி 1895இல் முடிந்தது. தேக்கடியில் சுரங்கத்தினுள் புகும் நீர் மலையின் மறுபுறம் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையை அடைகிறது.

இங்குக் கருதத்தக்கது ஓர் அளவு. 104 அடிக்குக் கீழ் நிற்கும் நீர் சுரங்கத்தினுள் புகாது. எனவே 155 அடி அணையின் மூன்றில் இரு பங்கு, ஆற்றைச் சுரங்க வாயில் வரை ஏற்றிவிடும் படிக்கட்டாகவே பயன்படுகிறது. 142 அடியா, 152 அடியா எனத் தமிழ்நாடும் கேரளமும் வழக்காடும் ஒவ்வோர் அடியும் இவ்வாயிலிலிருந்தே தன் மதிப்பைப் பெறுகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த அதிகாரக் குழு தன் 2012ஆம் ஆண்டு அறிக்கையில், 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் அமைப்பதை மாற்று வழிகளுள் ஒன்றாகக் கூறியதும் இதனாலேயே.

பொறியாளருக்குத் தேனி மாவட்டத்தில் மணிமண்டபம் உண்டு, அது தகும். இருளில் பாறை உடைத்த கூலித் தொழிலாளர்க்குச் சின்னமாக நிற்பது, மதுரைச் சீமையின் வயல்களுக்கு இன்றும் நீர் தரும் அச்சுரங்கமே. பெரியாற்று வரலாறு அணையிலிருந்து மட்டுமன்றி, அவ்வழியிலிருந்தும் எழுதப்பெறல் வேண்டும்.