வாளி தூக்கியதால் முறிந்த முள்ளந்தண்டு: ஊசித் துளையூடாக ஒரு சிகிச்சை

"தண்ணி வாளியைத் தூக்கினன் டொக்டர். நடு முதுகிலை டக்கெண்டு ஏதோ செய்தது. அதோடை நிமிர ஏலாமல் போச்சு."

அந்த அம்மாவுக்கு 74 வயது. விழவில்லை, அடிபடவும் இல்லை. தசைப்பிடிப்பு என்றே எண்ணி, வலி மாத்திரையும் பூசும் மருந்தும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு கிழமைகளின் பின் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். படுக்கையில் புரளவும் முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்த பின்தான் என் தவறு புரிந்தது. முள்ளென்பு ஒன்று முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவில் இருந்தது. ஆஸ்த்மாவுக்காகப் பல வருடங்கள் ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தவர் அவர். அதை நான் முதல்நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் முறிகிறது?

ஒஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு நோயில் எலும்பின் அடர்த்தி குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களில் இது அதிகம். குனிதல், பாரம் தூக்குதல், சில வேளைகளில் இருமல்கூட முள்ளென்பை நசுக்கப் போதுமானது. பலருக்கு வலியே இராது. உயரம் குறைவதும் கூன் விழுவதுமே அடையாளம். "வயசு போனால் கூன்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

சிகிச்சை எப்படி?

பெரும்பாலான முறிவுகள் வலி மருந்து, சில நாள் ஓய்வு, பின் படிப்படியான நடமாட்டம் ஆகியவற்றுடன் 6 முதல் 12 கிழமைகளில் ஆறிவிடும். வலி அடங்காத சிலருக்கே அடுத்த கட்டம்.

வேர்டெப்ரோபிளாஸ்டி என்ற முறை 1984இல் பிரான்ஸில் ஆரம்பமானது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி தடித்த ஊசியை முள்ளென்புக்குள் செலுத்துவார்கள். அதனூடாக எலும்புச் சீமெந்தை உட்செலுத்த, அது சில நிமிடங்களில் இறுகிவிடும். கைபோபிளாஸ்டியில் முதலில் சிறு பலூனை ஊதி இடம் உண்டாக்கி, பின் சீமெந்தை இடுவார்கள். பெரிய வெட்டுக் காயமில்லை. அநேகர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

எல்லோருக்கும் பொருந்துமா?

இல்லை. 2009இல் வெளியான இரு ஆய்வுகளில், பாவனைச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில், முறிவு ஏற்பட்டு 6 கிழமைகளுக்குள் கடும் வலியுடன் இருந்தவர்களுக்குப் பயன் தெரிந்தது. பழைய முறிவுக்குப் பயன் குறைவு. அதனால்தான் எம்.ஆர்.ஐ எடுத்து முறிவு புதியதா எனப் பார்க்கிறார்கள். சீமெந்து கசிந்து நரம்பை அழுத்துவதும், நுரையீரலுக்குச் செல்வதும் அரிதான ஆபத்துகள்.

கால் பலவீனம், மலசலக் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல் ஆகியன முதுகு வலியுடன் சேர்ந்தால் தாமதிக்காது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முன்பு புற்றுநோய் இருந்தவர்களும் அவ்வாறே.

அந்த அம்மாவின் முறிவு புதியது. மருந்துக்கு வலி அடங்காததால் விசேட வைத்தியரிடம் அனுப்பினேன். சீமெந்து இட்ட மறுநாள் ஊன்றுகோலுடன் நடந்தார்.

"இனிப் பிரச்சினை இல்லைத்தானே டொக்டர்?" என்று மகள் கேட்டார்.

இருக்கிறது. சீமெந்து ஒரு முள்ளென்பைத்தான் தாங்கும், நோயைக் குணமாக்காது. ஒரு முறை முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு அதிகம். டெக்சா ஸ்கான், எலும்பைப் பலப்படுத்தும் மருந்து, கல்சியம், விற்றமின் டி, நடைப்பயிற்சி, விழாமல் இருக்க வீட்டில் போதிய வெளிச்சம் என்பன தொடர வேண்டும்.

இப்போதெல்லாம் வயதானவர் திடீர் முதுகு வலியுடன் வந்தால், "விழுந்தீர்களா?" என்பதோடு நான் நிறுத்துவதில்லை.